பெயர் இல்லாத ஏழு அதிகாரிகள்

தகூஹி பிறந்தது ரோமத்தோல் வியாபாரி வீட்டில். எந்த மயிர் எந்தப் பக்கம் படியும், ஊதினால் எது பிரியும், வெயில் பட்டால் எது செம்பட்டையாகும் என்பதெல்லாம் பத்து வயதிலேயே அவளுக்குத் தெரியும். பத்தொன்பதாவது வயதில் சேரோப்புக்குக் கட்டிக் கொடுத்தார்கள். சேரோப் படம் வரைகிறவன். இஸ்தான்புல்லின் பேரா மேட்டில், பரங்கிகளின் தூதரக வீடுகளுக்குப் பின்னால் இறங்கும் சந்தில், மரப்படி ஏறிப் போனால் அவர்கள் வீடு. இரண்டு அறை. கடல் தெரியும் அறை சேரோப்புக்கு.

சின்ன வயதில் அவன் ஆர்மீனியர் கோயிலில் புனிதர் படங்களுக்குத் தங்கம் பூசிப் பழகினான். அப்புறம் இஸ்தான்புல்லுக்கு வந்து மூன்று வருடம் தங்கிய ஒரு பரங்கி ஓவியரிடம் எடுபிடியாக இருந்து, முகத்தில் ஒரு பக்கம் வெளிச்சமும் ஒரு பக்கம் நிழலும் போடக் கற்றுக்கொண்டான். இரண்டையும் அவன் மறக்கவில்லை. அதனால் அவன் வரைந்த படங்களில் கழுத்துக்கு மேலே பரங்கி, கழுத்துக்குக் கீழே உள்ளூர். முகம் காகிதத்தை விட்டு எழுந்து வருவது போல இருக்கும். அங்கியோ விரித்த கம்பளம் மாதிரி தட்டையாக, பூவேலையில் ஒரு பூகூட மடிப்புக்குள் ஒளியாமல், சரிகை மின்ன இருக்கும். சுல்தானின் அரண்மனை அதிகாரிகளை இப்படித் தனித்தனித் தாளில் நீர்வண்ணத்தில் வரைந்து தருவதுதான் அவன் பிழைப்பு. ஊர் திரும்பும் பரங்கிகள் அவற்றைத் தோல் அட்டை போட்டுப் புத்தகமாகக் கட்டி எடுத்துப் போவார்கள்.

கல்யாணமாகி மூன்றாவது வருடம், ஒரு மந்திரியின் தோளில் அவன் போட்டிருந்த ரோமத்தைப் பார்த்துத் தகூஹிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இது என்னங்க, நனைஞ்ச பூனையா?"

"எங்கே, நீ போடு பாப்போம்" என்று தூரிகையை நீட்டினான் சேரோப்.

அன்று வாங்கிய தூரிகையை அவள் திருப்பிக் கொடுக்கவில்லை. முதலில் ரோமம், பிறகு பட்டு, பிறகு சரிகை, தலைப்பாகையின் மடிப்புகள், செருப்பு. முகமும் கைகளும் மட்டும் அவனுடையவை. இருபத்திரண்டு வருடம் இப்படியே போயிற்று. ஒருவன் முகத்தை முடித்து நகர்த்துவான். மற்றவள் உடுத்தி முடிப்பாள். தாளில் நிற்பவர் யார் என்று அவள் கேட்டதில்லை. கேட்கத் தோன்றியதும் இல்லை. அது சேரோப்பின் வேலை. படங்களைக் கொடுக்கப் போகும்போது அவனே ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, "இவர் இன்னார், இவர் இன்னார்" என்று சொல்லுவான். தூதரகத்து எழுத்தர் கீழே எழுதிக்கொள்வார். படத்தின் முதுகில்கூடக் குறிப்பு எழுதமாட்டான். மை ஊறி முன்னால் வந்துவிடும் என்று பயம்.

அந்த வருடம் பனி விட்டதும் பெரிய வேலை ஒன்று வந்தது. தூதரகத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த கொர்பெல்லி கொண்டு வந்தார். கத்தோலிக்கர், நாலு தலைமுறையாக இந்த ஊர்க்காரர், எட்டு மொழியில் புறம்பேசத் தெரிந்தவர். தூதர் கோடையில் கப்பல் ஏறுகிறார், இருபத்துநாலு அதிகாரிகள் வேண்டும் என்றார். சேரோப் ஒப்புக்கொண்டான். வசந்தம் முழுக்க இருவரும் தலை நிமிரவில்லை. இருபத்துநாலாவது படத்துக்குத் தகூஹி செருப்பு போட்டுக்கொண்டிருந்த மத்தியானம், அடுத்த அறையில் பருப்புச் சூப் குடித்துக்கொண்டிருந்த சேரோப்பின் கையிலிருந்து கரண்டி விழுந்தது. ஓடிப் பார்த்தால் அவன் தரையில் கிடந்தான். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது.

பிழைத்துக்கொண்டான். பத்து நாளில் எழுந்து உட்கார்ந்தான். கால் கொஞ்சம் இழுத்தது, கைக்கு ஒன்றுமில்லை. கரித்துண்டைக் கொடுத்தால் எதிரில் இருக்கிற ஜாடியை அப்படியே போட்டான். ஆனால் வார்த்தைகள்தான் இடம் மாறிப் போயிருந்தன. சூப்பைப் பார்த்து "படிக்கட்டு" என்றான். தண்ணீர் வேண்டுமென்றால் "கழுதை" என்றான். சரியாகத்தான் சொல்கிறோம் என்ற நம்பிக்கையோடு சொன்னான். புரியாமல் அவள் விழித்தால் கோபம் வந்தது. கோபத்தில் திட்டினால் திட்டு மட்டும் சுத்தமாக வந்தது.

"வசவு தலையில இல்ல, நெஞ்சுல இருக்கு. அதான் போகல" என்றாள் கீழ்வீட்டுத் தெஸ்பினா. அவள் கிரேக்கச்சி, மீன்காரன் மனைவி, எதற்கும் பதில் வைத்திருப்பவள்.

இருபத்துநாலு படங்களும் மேசையில் அடுக்காக இருந்தன. இன்னும் பன்னிரண்டு நாளில் கொர்பெல்லி வருவார். சேரோப்பின் பெட்டியைக் குடைந்ததில் ஒரு தாள் கிடைத்தது. அவன் கையெழுத்தில் இருபத்துநாலு பதவிகளின் பெயர் வரிசையாக இருந்தது. தகூஹி எழுத்துக் கூட்டி வாசித்தாள். பெயர்கள் இருக்கின்றன, படங்கள் இருக்கின்றன. எது எதற்கு என்பது மட்டும் இல்லை.

முதலில் அவ்வளவு பயமாக இல்லை. தெஸ்பினாவைக் கூப்பிட்டு, இருவருமாகத் தரையில் பரப்பி வைத்துப் பார்த்தார்கள். அந்தப்புரத் தலைவர் கறுப்பர், சுலபம். சிவப்புக் குல்லாய் தொங்கும், கடற்கரையையும் காவல் காக்கும் தோட்டத் தலைவரைக் கரையோரத்துக் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். வாள் பிடித்திருப்பவர் வாள் ஏந்துகிறவர். குள்ளர் குள்ளர்தான். இப்படிப் பதினேழு பேர் ஆளுக்கொரு பெயரோடு ஒதுங்கிவிட்டார்கள்.

ஏழு பேர் மிஞ்சினார்கள். ஏழு பேரும் உயரம். ஏழு பேருக்கும் தாடி. ஏழு பேரும் இடுப்புக் கச்சையின் மேல் கைகட்டி, பேசாமல் நின்றார்கள். தாளில் மிஞ்சிய பெயர்களும் ஏழு: தலைப்பாகை காப்பவர், சாவி வைத்திருப்பவர், கைக்கு நீர் ஊற்றுபவர், துண்டு ஏந்துபவர், நகம் வெட்டுபவர், காபித் தலைவர், பருந்துத் தலைவர்.

"நகம் வெட்டுறதுக்கு ஒரு அதிகாரியா!" என்றாள் தெஸ்பினா. "என் புருஷன் பல்லால கடிச்சுத் துப்புறான். அவன் எந்த அரண்மனைக்குப் போவான்?"

"சிரிக்காதே தெஸ்பினா. இதுல யாரு நகம் வெட்டுறவரு, சொல்லு."

தெஸ்பினா குனிந்து ஏழு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். "இந்த ஆளு. முழி கூர்மையா இருக்கு."

"கூர்மையான முழி பருந்துக்காரருக்கும் இருக்குமே?"

"அப்போ அந்த ஆளு" என்று பக்கத்துப் படத்தைக் காட்டினாள் தெஸ்பினா. கொஞ்சம் முன்னால் அதே படத்தைத்தான் காபித் தலைவர் என்று சொல்லியிருந்தாள்.

தகூஹி ஏழையும் எடுத்துக்கொண்டு சேரோப்பிடம் போனாள். ஜன்னலோரம் திண்டில் சாய்ந்திருந்தான். ஒவ்வொன்றாக நீட்டினாள்.

"இவரு யாருங்க?"

சேரோப்பின் முகம் மலர்ந்தது. தெரியும் என்பது அவன் கண்ணிலேயே இருந்தது. "திங்கட்கிழமை" என்றான்.

"இவரு?"

"திங்கட்கிழமையோட தம்பி."

"இவரு சாவிக்காரரா? ஆமான்னா தலையை ஆட்டுங்க."

தலையை ஆட்டினான். அடுத்த படத்துக்கும் ஆட்டினான். ஏழுக்கும் ஆட்டினான். மறுபடி முதல் படத்தைக் காட்டி, "இவரு சாவிக்காரர் இல்லதானே?" என்று கேட்டாள். அதற்கும் ஆட்டினான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஏதோ பிசகுகிறது என்று புரிந்தவனாக, படத்தை வாங்கி அங்கியின் கரையைத் தடவித் தடவிக் காட்டினான். அதில் என்ன இருக்கிறது? அவளே போட்ட கரைதான். நீலத்தில் தங்கக் கொடி. அவள் திரும்பத் திரும்பப் பார்த்தாள். கொடி, இலை, கொடி, இலை. அதைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

தெஸ்பினாவின் யோசனைதான், பேகிரைக் கேட்பது. தோப்ஹானே துறையில் உட்கார்ந்து வலை பின்னும் கிழவர். இருபது வருடம் அரண்மனைப் படகில் துடுப்புப் போட்டவர். படங்களைச் சுத்தமான துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு இருவரும் போனார்கள். பேகிர் கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் படத்தைத் தொட்டார். முகத்தை அவர் பார்க்கவேயில்லை. நேரே தாளின் அடிப்பக்கத்துக்குப் போனார்.

"முகம் மேல இருக்கு, ரெய்ஸ்" என்றாள் தகூஹி, படகுத் தலைவர்களை அழைக்கும் மரியாதையோடு.

"இருக்கட்டும் மகளே. நாங்க முகத்தைப் பாத்ததில்ல. அவங்க எங்க எதிர்லதான் உக்காருவாங்க. ஆனா கண்ணைத் தூக்கினா துடுப்பு போயிடும், அதோட தலையும் போயிடும். இருபது வருஷமா நான் பாத்தது செருப்புதான். செருப்பைக் காட்டு, ஆளைச் சொல்றேன். சாவிக்காரர் இடது காலைத் தேச்சு நடப்பார். காபிக்காரருக்குக் கட்டைவிரல் புடைச்சிருக்கும்."

தகூஹி துணியை முழுதும் பிரித்தாள். ஏழு படங்களையும் கல்லின் மேல் வரிசையாக வைத்தாள். பேகிர் நடந்து நடந்து பார்த்தார். முதலிலிருந்து கடைசிக்கும், கடைசியிலிருந்து முதலுக்கும். பிறகு நிமிர்ந்தார்.

"எல்லாருக்கும் ஒரே காலா போட்டிருக்கே, தாயி!"

"மஞ்சள் செருப்புதானே எல்லாரும் போடுறாங்க?"

"மஞ்சள்தான். அதுல தப்பில்ல. காலு! எல்லாம் ஒரே காலு. ஏழு ஆளு ஒரு ஜோடிக் காலை மாத்தி மாத்தி மாட்டிக்கிட்டு வந்த மாதிரி."

அவள் குனிந்து பார்த்தாள். உண்மைதான். செருப்புக்கு ஒரு அட்டை வெட்டி வைத்திருந்தாள். அதை வைத்துச் சுற்றிக் கோடு இழுத்து வண்ணம் போட்டுவிடுவாள். பதினைந்து வருடமாக அதே அட்டை. காலில் யார் கவனம் வைக்கப் போகிறார்கள் என்று நினைத்திருந்தாள்.

"இந்தக் காலு யாருதுன்னு கேட்டா," என்றார் பேகிர் தயக்கமாக, "யாருதும் இல்ல."

தெஸ்பினா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தகூஹிக்குச் சிரிப்பு வரவில்லை. சுட்ட சோளம் வாங்கித் தருகிறேன் என்று தெஸ்பினா இழுத்தும் நிற்காமல் மேடேறினாள்.

மறுநாள் படகில் கழிமுகத்தைக் கடந்து பெரிய சந்தைக்குப் போனாள். அங்கே அப்பாவின் கடை இப்போது அண்ணன் ஆர்த்தினிடம் இருந்தது. அரண்மனைக்கு ரோமத்தோல் போகும் கடைகளில் அதுவும் ஒன்று. ரோமத்தை வைத்துப் பதவியைச் சொல்லிவிடலாமே என்று அவளுக்கு ராத்திரியெல்லாம் ஓடியது. இது ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்று தன்னையே நொந்துகொண்டாள்.

ஆர்த்தின் காபி வரவழைத்தான். முதல் படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தான். "காட்டுப்பூனை. அடடா! அந்தப் புள்ளி விழுந்திருக்கு பாரு. ஒவ்வொரு மயிரா போட்டிருக்கியே தகூஹி. அப்பா இருந்தா அழுதிருப்பார்."

"அது இருக்கட்டும் அண்ணே. இது யாரு போடுறது?"

"யாரும் போடமாட்டாங்க."

"என்னண்ணே சொல்றே?"

"காட்டுப்பூனை பெரிய ஆளுங்க தோள்ல வரும். ஆனா இந்த மாதிரி கை நீண்ட அங்கியில வராது. இதுக்கு அணில்தான் அடியில வைப்பாங்க. வருஷா வருஷம் நான்தானே அனுப்புறேன்." அடுத்த படத்தை எடுத்தான். "இங்கே வெள்ளைக் கீரி. இது கோடையில போடுற பட்டு. இந்தப் பட்டுல யாரு ரோமம் வைப்பாங்க? புழுங்கிச் சாவான்." அடுத்தது. "இது கறுப்புக் கீரி. சரி. ஆனா இவ்வளவு கறுப்புக் கீரி போட்டவன் சுல்தானுக்குப் பக்கத்துல நிக்கிறவனா இருக்கணும். அப்படிப்பட்டவன் தலையில இந்தத் தலைப்பாகை எப்படி வந்துச்சு?"

தகூஹி மூன்று படங்களையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். காட்டுப்பூனை போடப் பிடிக்கும் என்பதால் போட்டாள். அணில் போட்டால் தூரிகைக்கு வேலையே இல்லை. நீலப் பட்டுக்கு வெள்ளை எடுப்பாக இருந்தது. ஒவ்வொரு முறையும் சேரோப் அந்தத் தாளை வாங்கிப் பார்ப்பான், ஒன்றும் சொல்லமாட்டான். நன்றாயிருக்கிறது என்று அர்த்தம் என்று நினைத்துக்கொண்டாள். தப்பென்று தெரிந்தும் விட்டுவிட்டானா? இல்லை, அவனுக்கும் தெரியாதா?

"அண்ணே," என்றாள். "அவருக்காவது தெரிஞ்சிருக்குமில்ல? அரண்மனைக்குள்ள போயிருக்காரே."

ஆர்த்தின் காபிக் கிண்ணத்தைக் கீழே வைத்தான். "யாரு, மாப்பிள்ளையா? எப்போ போனாரு?"

"அந்தப் பரங்கி ஓவியரோட."

"அது ரெண்டாவது முற்றம் வரைக்கும். சிப்பாய்ங்களுக்குச் சம்பளம் கொடுக்கிற நாள்ல, தூதரோட கூட்டத்துல ஒரு ஓரமா நின்னுட்டு வந்தாரு. சாவிக்காரரும் தலைப்பாகைக்காரரும் மூணாவது வாசலுக்கு உள்ள இருக்கிறவங்க. அங்கே நானே போனதில்ல, மாப்பிள்ளை எப்படிப் போவாரு?"

"அப்போ இதையெல்லாம் எதைப் பாத்துப் போட்டாரு?"

"அந்தப் பரங்கிகிட்ட ஒரு பழைய புத்தகம் இருந்துச்சு, அதைப் பாத்துன்னு ஒரு தடவை சொன்னாரு. அந்தப் பரங்கி எதைப் பாத்துப் போட்டானோ! ஏன், உனக்குத் தெரியாதா?"

தெரியாது. இருபத்திரண்டு வருடம் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கிறாள். அவன் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து நினைவிலிருந்து முகம் போடுகிறான் என்றே நம்பிக்கொண்டிருந்தாள். அவன் அப்படிச் சொன்னானா? யோசித்துப் பார்த்தால் சொன்னதாக நினைவில்லை. இவள் கேட்கவில்லை, அவன் சொல்லவில்லை. அப்படியானால் இந்த முகங்கள் யாருடையவை? படகில் திரும்பி வரும்போது துணியைப் பிரித்து ஒரு படத்தைப் பார்த்தாள். நெற்றியில் இரண்டு கோடு, வலது கன்னத்தில் மெல்லிய நிழல், எதையோ சொல்ல வந்து நிறுத்திய வாய். இவ்வளவு உயிரோடு இருக்கிற ஆள் இல்லாத ஆளாக எப்படி இருக்க முடியும்? படகோட்டி திரும்பிப் பார்த்து, "யாரும்மா அது, சொந்தக்காரரா?" என்று கேட்டான். அவள் படத்தை மறுபடி துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

பன்னிரண்டாம் நாள் கொர்பெல்லி எழுத்தரோடு வந்தார். சேரோப்பின் தோளைத் தட்டி நலம் விசாரித்தார். சேரோப், "நல்ல கூரை, நல்ல கூரை" என்று உபசரித்தான். கொர்பெல்லி முகம் வாடித் தகூஹி பக்கம் திரும்பினார்.

"பேரெல்லாம் யார் சொல்றது?"

"நான் சொல்றேன், ஐயா" என்றாள் தகூஹி. சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று உறைத்தது.

பதினேழு பேர் தங்கு தடையில்லாமல் போனார்கள். பதினெட்டாவது தாளை எழுத்தர் எடுத்தார். காட்டுப்பூனை போட்டவர். தகூஹி சேரோப்பைப் பார்த்தாள். அவன் படத்தைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"சாவி வைத்திருப்பவர்" என்றாள்.

எழுத்தர் எழுதினார். வானம் இடிந்து விழவில்லை. அடுத்தவர் துண்டு ஏந்துபவர். அதற்கடுத்தவர் பருந்து. நகம் வெட்டுபவரில் மட்டும் தயங்கினாள்; கொர்பெல்லி நிமிர்ந்து பார்த்ததும் தெஸ்பினா முதலில் சொன்ன படத்தையே கை காட்டிவிட்டாள். ஏழும் முடிந்தன. சேரோப் ஒவ்வொரு பெயருக்கும் தலையை ஆட்டினான். கொர்பெல்லி அதைப் பார்த்து, "பேச்சுதான் போச்சு, புத்தி அப்படியே இருக்கு" என்று திருப்தியாகச் சொன்னார்.

அவர்கள் போன பிறகு தகூஹி வெகு நேரம் வெறும் மேசை முன் உட்கார்ந்திருந்தாள். தான் செய்தது பொய்யா? சேரோப் இத்தனை வருடம் சொன்னதும் இதே மாதிரிதானா? அவனைக் கேட்கலாம். அவன் தலையை ஆட்டுவான்.

மூன்று வாரம் கழித்து, தூதரின் கப்பல் போன பிறகு, ஒரு பகல் வேளையில் சந்தில் ஒருவர் வந்து ஓவியர் வீட்டைக் கேட்டார். நல்ல உடை, இடுப்பில் வெள்ளி மைக்கூடு. அரண்மனையில் சாவி வைத்திருந்து, இப்போது ஓய்வு பெற்று எதிர்க்கரையில் இருக்கும் நஸீஃப் ஆகாவின் காரியதரிசி; ஆகா என்பது அரண்மனைப் பெரியவர்களின் பட்டம். கப்பல் கிளம்பும் முன் கொர்பெல்லி அந்தப் புத்தகத்தை ஆகாவிடம் காட்டியிருக்கிறார். அதில் சாவிக்காரர் படத்தைப் பார்த்ததிலிருந்து ஆகாவுக்கு வேறு பேச்சே இல்லையாம்.

தகூஹி கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "கோபமா இருக்காரா?"

"கோபமா? அச்சு அசல் நான்தான்னு சொல்லிட்டு இருக்கார். பாக்காம எப்படிப் போட்டான், இந்த ஆளைக் கூட்டிட்டு வா, என் வீட்டுலயும் ஒண்ணு இருக்கணும்னு ஒரே பிடிவாதம். படகு நிக்குது."

அப்படியானால் அவள் சொன்னது சரியா? ஏழில் ஒன்று குருட்டாம்போக்கில் அமைந்துவிட்டதா? இல்லை, சேரோப் உண்மையிலேயே எங்கோ அவரைப் பார்த்திருக்கிறானா? ஒன்றும் விளங்காமலே வண்ணப் பெட்டியைக் கட்டினாள். கொர்பெல்லியிடம் கொடுக்கும் முன் எடுத்து வைத்த, ஏழு படங்களின் கோட்டுப் பிரதிகள் அவளிடம் இருந்தன. அவற்றையும் சுருட்டி உள்ளே வைத்தாள்.

ஆகாவின் வீடு தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டு நின்றது. வாசலில் பிரித்துவிட்டார்கள். சேரோப்பை ஆண்கள் பக்கம் அழைத்துப் போனார்கள். தகூஹியைப் பெண்கள் பக்கம் அனுப்பி ரோஜா சர்பத் கொடுத்தார்கள். அவள் சர்பத்தில் வாய் வைக்கும் முன் காரியதரிசி ஓடி வந்து கதவுக்கு வெளியிலிருந்து கூப்பிட்டார்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் ஆகாவைப் பாத்து 'கழுதை, கழுதை'ங்கிறார்!"

"ஐயோ! தண்ணி கேக்குறாருங்க! தண்ணியைத்தான் அப்படிச் சொல்வாரு!"

அதற்குப் பிறகு அவளையும் உள்ளே விட்டார்கள். கூடத்தில் ஒரு மூலையில், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நஸீஃப் ஆகா எழுபது வயது மனிதர். வெள்ளைத் தாடி, சின்னக் கண். தண்ணீர் வரவழைத்துத் தானே சேரோப்பிடம் கொடுத்தார்.

"நாப்பது வருஷம் அரண்மனையில இருந்தேன்" என்றார். "கழுதைன்னு முகத்துக்கு நேரா யாரும் சொன்னதில்ல. முதுகுக்குப் பின்னாடி சொல்லியிருப்பாங்க. நீ பரவாயில்ல."

சேரோப் குடித்துவிட்டு வேலையைத் தொடங்கினான். கரித்துண்டு ஒரு முறைகூடத் தயங்கவில்லை. மத்தியானத்துக்குள் முகம் வந்துவிட்டது. ஆகா எழுந்து வந்து பார்த்தார். முகம் சுருங்கியது.

"இந்தக் கன்னத்துல ஏன் இவ்வளவு அழுக்கு?"

"குளிர்காலம்" என்று விளக்கினான் சேரோப்.

ஆகா தகூஹியைப் பார்த்தார். அவள் எழுந்து, "அது நிழல், ஆகா. ஜன்னல் அந்தப் பக்கம் இருக்கில்ல, வெளிச்சம் படாத பக்கம் கொஞ்சம் இருட்டா வரும். பரங்கி முறை அப்படி" என்றாள்.

"நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா?"

"நிழல் போயிடும். ஆனா முகம் ரொட்டி மாதிரி ஆயிடும்."

"கொர்பெல்லி காட்டின படத்துலயும் இப்படித்தான் இருந்துச்சா?"

"இருந்துச்சு, ஆகா."

"அது எனக்கு அழுக்கா தெரியலியே!" என்றார் ஆகா, உண்மையாகவே குழம்பிப்போய். கண்ணாடி கொண்டு வரச் சொல்லித் தன் கன்னத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காரியதரிசியின் கன்னத்தையும் பார்த்தார். கடைசியில், "ரெண்டு கன்னமும் என்னோடதுதான். ஒண்ணுக்கு மட்டும் ஏன் ஓரவஞ்சனை? கொஞ்சம் கழுவிவிடு" என்றார். சேரோப்புக்கு அது எப்படியோ புரிந்தது. ஈரத் தூரிகையால் நிழலைப் பாதி எடுத்தான். ஆகா சமாதானமானார்.

அவர் நல்ல மனநிலையில் இருந்தபோது தகூஹி தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கோட்டுப் பிரதிகளை எடுத்தாள். பெயர் எழுதாதவை. "ஆகா, நீங்க உள்ள இருந்தவரு. இவங்கள்ல யாரு யாருன்னு சொல்ல முடியுமா? எனக்கு ரொம்ப நாளா தெரிஞ்சுக்கணும்னு."

ஆகா ஏழையும் மடியில் வைத்துக்கொண்டார். வெகு நேரம் பார்த்தார். அவர் கண்ணில் ஈரம் வந்தது.

"இவன் தலைப்பாகைக்கார உஸேர். பெருந்தீனிக்காரன். இவன்... இரு, இவன் காபிக்காரன். எப்பவும் பல்லு வலி அவனுக்கு." அவள் பருந்துத் தலைவர் என்று எழுத வைத்த படம் அது. "இது யாருன்னு தெரியல. இப்படி ஒருத்தன் இல்ல." நகம் வெட்டுபவர் என்று அவள் கை காட்டிய படத்தை அப்படி ஒதுக்கினார். காட்டுப்பூனை ரோமம் போட்டவரிடம் வந்தார். அச்சு அசல் தான்தான் என்று அவர் சொன்ன படம். தகூஹி இன்னும் கிட்டே வந்தாள்.

"இவன் துண்டுக்காரன்" என்று சொல்லித் தாளைப் புரட்டினார். பிறகு அவள் துண்டு ஏந்துபவர் என்று சொல்லியிருந்த படத்தில் விரலை வைத்தார். "இதோ, இது நான். கொர்பெல்லிகிட்ட பாத்தேனே, இதேதான். எப்படிடா பாக்காம போட்டே?"

சேரோப் மகிழ்ச்சியாகத் தலையை ஆட்டினான்.

தகூஹி தாள்களை வாங்கிச் சுருட்டினாள். அவர் தவறு என்று சொல்ல அவளுக்கு என்ன ஆதாரம் இருக்கிறது? அவர் சரி என்று சொல்லவும் ஆதாரம் இல்லை. புத்தகமோ கப்பலில் போய்க்கொண்டிருந்தது.

நஸீஃப் ஆகாவின் படம் நாலு நாளில் முடிந்தது. உடையும் இந்த முறை கண்ணெதிரே இருந்தது. அவரே பெட்டியைத் திறந்து தன் பழைய பதவி அங்கியைப் போட்டுக்கொண்டு நின்றார். அடியில் அணில் வைத்திருந்தது. ஆர்த்தின் சொன்னது சரிதான் என்று தகூஹி நினைத்துக்கொண்டாள். அணிலையே போட்டாள். வேலை முடிந்து பார்க்கும்போது சப்பென்று இருந்தது. ஆகாவும் நெடுநேரம் பார்த்துவிட்டு, "அந்தப் படத்துல ரோமம் புள்ளி புள்ளியா இருந்துச்சே, அது நல்லா இருந்துச்சு" என்றார்.

"அது துண்டுக்காரரோடது, ஆகா."

"அப்படியா? பரவாயில்ல, அதையே எனக்கும் போடு."

போட்டாள்.

அதற்குப் பிறகு ஆறு வருடம் இருவரும் சேர்ந்து வேலை செய்தார்கள். கொர்பெல்லி ஆள் அனுப்பிக்கொண்டே இருந்தார். ஆகாவுக்குத் தெரிந்தவர்களும் கேட்டார்கள். பரங்கிகளுக்கு நிழலோடு, ஆகாக்களுக்குப் பாதி கழுவி. சேரோப்புக்குச் சில வார்த்தைகள் திரும்பின; ரொட்டி ரொட்டியாயிற்று, தண்ணீர் தண்ணீராயிற்று. பதவிப் பெயர்கள் மட்டும் வரவேயில்லை. அவற்றைத் தகூஹி சொன்னாள். எழுத்தர் எழுதினார். யாரும் திரும்பி வந்து தப்பென்று சொல்லவில்லை. செருப்புக்கு மட்டும் அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஆளுக்கு ஒரு காலாகக் கையாலேயே வரைந்தாள்.

ஒரு நாள் புதிதாக வந்த வேலைக்கு முதல் படத்தை உடுத்திக்கொண்டிருந்தாள். தோளில் வெள்ளைக் கீரி போடலாம் என்று வண்ணத்தைக் குழைத்தாள். சேரோப் தன் இடத்திலிருந்து எழுந்து காலை இழுத்துக்கொண்டு வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான். தலையை அசைத்தான். இல்லை என்று அசைத்தான்; அதை அவன் தெளிவாகச் செய்து அவள் பார்த்ததே அபூர்வம். பழுப்பு வண்ணக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினான்.

"ஏங்க? இவருக்கு வெள்ளை கூடாதா? இல்ல, பாக்க நல்லா இல்லையா?"

"ஆமா" என்றான் சேரோப்.

எதற்கு ஆமா என்று அவளுக்குத் தெரியவில்லை. மறுபடி கேட்டாள். "ஆமா, ஆமா" என்றுவிட்டுத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து, அடுத்த ஆளுக்கு மூக்கு போடத் தொடங்கினான். தகூஹி கொஞ்ச நேரம் இரண்டு கிண்ணங்களையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வெள்ளையை ஓரமாக வைத்துவிட்டு, பழுப்பில் தூரிகையைத் தோய்த்தாள்.